ஸ்விட்ச் தட்டினால் வரும் ‘டிக்’ சத்தம்... காப்புரிமையே வாங்காத ஜோசப் ஹென்றி யார்?

லாரியிலோ பிக்கப் வண்டியிலோ முன்பக்கம் எக்ஸ்ட்ரா லைட் மாட்டுகிறார்கள். டேஷ்போர்டில் கம்பெனி கொடுத்த ஸ்விட்ச் வரிசையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அதே டிசைனில் கடையில் ஒரு ஸ்விட்ச் வாங்கி, அந்த இடத்தில் பொருத்தியாச்சு. பார்த்தால் கம்பெனி ஃபிட்டிங் மாதிரியே இருக்கிறது. விரலால் தட்டினால், பானெட்டுக்குள் எங்கேயோ ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ரோடு முழுக்க வெளிச்சம்.

அந்த ‘டிக்’ சத்தத்துக்குச் சொந்தக்காரர் ரிலே. தீப்பெட்டியை விடச் சின்ன டப்பா. அது இல்லாமல் நேரடியாக ஸ்விட்ச்சில் லைட்டை இழுத்தால், ஸ்விட்ச் உருகும், வயர் சூடாகும், சில நேரம் வண்டியே தீப்பிடிக்கும்.

இந்த ரிலேக்குப் பின்னால் இருக்கும் யோசனைக்கு வயது கிட்டத்தட்ட 190. அதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி. கார், லாரி, பல்பு எதுவுமே இல்லாத காலத்தில் வாழ்ந்தவர். தன் கண்டுபிடிப்பு எதற்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ரிலே என்ன செய்கிறது?

கணக்கு ரொம்ப சிம்பிள். 55 வாட் பல்பு இரண்டு என்றால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட் வண்டியில் இது சுமார் 9 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். 100 வாட் பல்பு இரண்டு போட்டால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருப்பதால், அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும்.

டேஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச்சும், அதற்குப் போகும் மெல்லிய வயரும் பெரும்பாலும் இவ்வளவு கரண்டுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. கரண்ட் இரண்டு மடங்கானால், அதே வயரில் உருவாகும் சூடு நான்கு மடங்காகும். பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரிலே இதை இரண்டு பாதையாகப் பிரிக்கிறது. ஸ்விட்ச் வழியாகப் போவது சின்ன கரண்ட். சாதாரண 12 வோல்ட் ரிலேயில் இது சுமார் 0.15 ஆம்பியர்தான். அந்தக் கரண்ட் ரிலேக்குள் இருக்கும் காயிலைக் காந்தமாக்குகிறது. காந்தம் ஒரு சின்ன உலோகத் தகட்டை இழுக்கிறது. தகடு ஒட்டிக்கொள்ளும் சத்தம்தான் அந்த ‘டிக்’. தகடு ஒட்டியதும், பேட்டரியிலிருந்து தடிமனான வயரில் வரும் பெரிய கரண்ட் நேராக லைட்டுக்குப் போகிறது.

அதாவது, விரல் தொடுவது சின்ன கரண்டை. வேலை செய்வது பெரிய கரண்ட். ஹென்றி உலகத்துக்குக் கொடுத்த பாடம் இதுதான்.

முயலைத் துரத்திய சிறுவன்

1797 டிசம்பர் 17. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் ஹென்றி. வீட்டில் வசதி இல்லாததால், சின்ன வயதிலேயே கால்வே என்ற கிராமத்தில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். பள்ளி முடிந்ததும் மளிகைக் கடையில் வேலை. இப்படித்தான் அவருடைய பிள்ளைப் பருவம் போனது.

அவர் வாழ்க்கையில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வளர்த்த முயல் ஓடிப்போக, அதைத் துரத்திக்கொண்டு ஒரு கட்டடத்துக்கு அடியில் புகுந்த சிறுவன், தரைப் பலகை இடுக்கு வழியாக மேலே ஏறிப் பார்த்தானாம். அது கிராமத்து நூலகம். முயலை மறந்துவிட்டுப் புத்தகம் படிக்க உட்கார்ந்துவிட்டானாம்.

பதின்ம வயதில் ஆல்பனிக்குத் திரும்பி, கடிகாரமும் வெள்ளி வேலையும் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகினார். ஆனா மனசு முழுக்க நாடகத்தில் இருந்தது. நடிகராக வேண்டும் என்பதுதான் ஆசை. 16 வயதில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, வீட்டில் தங்கியிருந்த ஒருவருடைய அறிவியல் புத்தகம் கைக்குக் கிடைத்தது. எறிந்த கல் ஏன் கீழே விழுகிறது என்பது மாதிரியான கேள்விகளை எளிமையாகப் பேசிய புத்தகம் அது. படித்து முடித்ததும் நாடக ஆசை போய்விட்டது.

1819-ல் ஆல்பனி அகாடமியில் சேர்ந்தார். கட்டணம் கட்டப் பணம் இல்லை, இலவசமாகத்தான் படித்தார். அப்போது அவருக்கு 21 வயது. கூடப் படித்தவர்கள் பலரும் அவரை விடச் சின்னவர்கள். கிராமத்துப் பள்ளியில் பாடம் எடுத்தும், ரோடு சர்வே வேலைக்குப் போயும் காலத்தை ஓட்டினார். 1826-ல் அதே அகாடமியில் கணிதம், இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

பட்டு நூல் சுற்றிய வயர்

1825-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் ஒரு மின்காந்தம் செய்திருந்தார். லாடம் மாதிரி வளைத்த இரும்பு, அதன் மேல் இன்சுலேஷன் இல்லாத வயர். சுற்றுகள் ஒன்றோடு ஒன்று தொட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், இடைவெளி விட்டு சில சுற்றுகள்தான் சுற்ற முடிந்தது. அது தூக்கியது 9 பவுண்டு, அதாவது சுமார் 4 கிலோ.

ஹென்றி செய்த மாற்றம் கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கும். இரும்புக்கு இன்சுலேஷன் கொடுப்பதற்குப் பதிலாக, வயருக்கே பட்டு நூலைச் சுற்றி இன்சுலேஷன் கொடுத்தார். இனி சுற்றுகள் தொட்டாலும் கவலை இல்லை. நெருக்கமாகச் சுற்றலாம், ஒரு அடுக்கு மேல் இன்னொரு அடுக்கும் சுற்றலாம்.

பள்ளியில் நாள் முழுக்கப் பாடம் எடுக்க வேண்டியிருந்ததால், ஆராய்ச்சிக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆகஸ்ட் மாத விடுமுறைதான். அந்தக் கொஞ்ச நேரத்திலேயே, 21 பவுண்டு எடையுள்ள காந்தத்தை வைத்து 750 பவுண்டு தூக்கிக் காட்டினார். சுமார் 340 கிலோ. பிறகு யேல் கல்லூரிக்காகச் செய்து கொடுத்த காந்தம் 2,000 பவுண்டுக்கு மேல் தூக்கியது. 900 கிலோவுக்கும் அதிகம்.

நீள வயருக்கு ஒரு காந்தம், குட்டை வயருக்கு ஒரு காந்தம்

எடை தூக்கியதை விடப் பெரிய விஷயம் இன்னொன்று. காந்தம் இரண்டு வகையாக நடந்துகொள்வதை அவர் கவனித்தார்.

பக்கத்திலேயே ஒரு பெரிய பேட்டரி செல் இருந்தால், பல குட்டை வயர்களைத் தனித்தனியாகச் சுற்றி ஒன்றாக இணைத்த காந்தம் நன்றாக வேலை செய்தது. நிறைய எடை தூக்கும். ஆனா நடுவில் நீளமான வயர் வந்துவிட்டால், பலம் சுருங்கிவிடும். இன்னொரு வகை, ஒரே நீள வயரை நிறையச் சுற்றுகள் சுற்றிய காந்தம். வரிசையாக இணைத்த பல செல்கள் உள்ள பேட்டரியோடு சேர்த்தால், அது நீண்ட வயரின் மறுமுனையில் இருந்தும் வேலை செய்தது.

ஜெர்மனியில் ஓம் தன்னுடைய விதியை 1827-லேயே வெளியிட்டிருந்தார். ஆனா ஹென்றிக்கு அப்போது அது தெரியாது. சோதனை செய்து செய்தே, அதே உண்மைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

1831-ல் ஆல்பனி அகாடமி அறைக்குள்ளேயே ஒரு மைலுக்கு மேல் வயரைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டினார். ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் காந்தம். இணைப்பு கொடுத்ததும், காந்தத்துக்கு நடுவில் இருந்த ஒரு கம்பி நகர்ந்து மணியைத் தட்டியது. வெகு தூரத்திலிருந்து மின்சாரத்தால் மணி அடிக்க முடியும் என்பது நிரூபணம் ஆனது.

வண்டியில் எக்ஸ்ட்ரா லைட் மாட்டுபவர்கள் இதை இன்றும் அனுபவத்தில் பார்க்கிறார்கள். மெல்லிய வயரை நீளமாக இழுத்து லைட்டுக்குக் கொடுத்தால் வெளிச்சம் மங்கும். ஆனா அதே மெல்லிய வயர் ரிலே காயிலுக்குத் தாராளமாகப் போதும். காரணம், காயிலில் நிறையச் சுற்றுகள் இருக்கின்றன. அதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும்.

பிரின்ஸ்டன்: ரிலே பிறந்த இடம்

1832-ல் ஹென்றி பிரின்ஸ்டனுக்குப் போனார். இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம்தான். அப்போது அதன் பெயர் நியூ ஜெர்சி கல்லூரி.

1835 வாக்கில் மாணவர்களுக்கு முன்னால் ஒரு சோதனை செய்து காட்டினார். நீண்ட வயர் வழியாக வரும் கரண்ட் பலவீனமானது. பெரிய வேலை எதையும் அதால் செய்ய முடியாது. ஆனா ஒரு சின்ன கம்பியை அசைக்க முடியும், இல்லையா? அந்தக் கம்பி அசைந்ததும், பக்கத்தில் பெரிய காந்தத்துக்குப் போகும் சர்க்யூட் துண்டிக்கப்பட்டது. பெரிய காந்தம் பிடித்திருந்த கனமான எடை தடாலென்று கீழே விழுந்தது.

அவ்வளவுதான். இதுதான் ரிலேயின் அடிப்படை. அங்கே எடை விழுந்தது, இன்று லைட் எரிகிறது. சின்ன கரண்ட் பெரிய கரண்டுக்கு உத்தரவு போடும் முறை மட்டும் மாறவே இல்லை.

தன் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கும் ஒரு வயர் இழுத்து, மனைவி ஹாரியட்டுக்கு சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு பக்க இணைப்புக்கு வயருக்குப் பதிலாகப் பூமியையே பயன்படுத்தினார். வண்டியில் நெகட்டிவ் வயருக்குப் பதிலாக பாடி எர்த் கொடுப்பது போலத்தான் இதுவும்.

இந்த ஆய்வகத்தில் இன்னொருவரும் நினைவில் வைக்க வேண்டியவர். 1840-களில் ஹென்றியின் உதவியாளராக இருந்த சாம் பார்க்கர் என்ற கறுப்பினத்தவர். பேட்டரிகளைத் தயார் செய்வது, கருவிகளைப் பராமரிப்பது எல்லாம் அவர் கையில். அவர் உடம்பு சரியில்லாமல் வராதபோது ஹென்றியின் சோதனைகளே தடுமாறின. ஆனா ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆஃப் பண்ணும்போது வரும் தீப்பொறி

ஹென்றியின் இன்னொரு கண்டுபிடிப்பும் அதே ரிலே டப்பாவுக்குள் இருக்கிறது. காயில் சுற்றிய நீள வயரில் கரண்டைத் திடீரென்று துண்டித்தால், பளிச்சென்று தீப்பொறி வருவதை அவர் பார்த்தார். காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் சட்டென்று நிற்க மறுக்கிறது. அந்த நொடியில் வோல்டேஜ் எகிறுகிறது. இதற்குத் தன்மின்தூண்டல் என்று பெயர். 1832-ல் இதை வெளியிட்டார்.

காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் மின்தூண்டலையும் ஹென்றி தனியாகவே கண்டுபிடித்திருந்தார். ஆனா கட்டுரை வெளியிடத் தாமதித்துவிட்டார். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1831-லேயே அறிவித்துவிட்டதால், பெருமை முறைப்படி ஃபாரடேவுக்குப் போனது.

இதற்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? ரிலேயை ஆஃப் செய்யும் ஒவ்வொரு முறையும் அதே வோல்டேஜ் எகிறல் நடக்கிறது. இப்போது வரும் வண்டிகளில் ஸ்விட்ச்சுக்குப் பின்னால் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அந்த எகிறல் போர்டைக் கெடுக்கலாம். அதனால்தான் பல ரிலேக்களின் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடோ ரெசிஸ்டரோ வைத்திருக்கிறார்கள். டயோடு வைத்த ரிலே என்றால், பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுக்கக் கூடாது.

மோர்ஸுடன் வந்த மோதல்

தந்தி என்றதும் நினைவுக்கு வரும் பெயர் சாமுவேல் மோர்ஸ். அவர் அடிப்படையில் ஓவியர். ஆரம்பத்தில் அவருடைய கருவி சில பத்து அடி தூரத்தைத் தாண்டவே சிரமப்பட்டது. நியூயார்க்கில் உடன் பணியாற்றிய வேதியியல் பேராசிரியர் லியோனார்ட் கேல், ஹென்றியின் 1831 கட்டுரையைப் படித்திருந்தார். காந்தத்தில் சுற்றுகளைக் கூட்டவும், பேட்டரியில் செல்களைக் கூட்டவும் மோர்ஸுக்கு அவர்தான் யோசனை சொன்னார். தந்தி உயிர் பெற்றது.

1839-ல் மோர்ஸ் பிரின்ஸ்டனுக்கே வந்து ஹென்றியைச் சந்தித்தார். ஹென்றி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். 1842-ல் ஊக்கப்படுத்திக் கடிதமும் எழுதினார். 1844 மே மாதம் வாஷிங்டன், பால்டிமோர் இடையே தந்தி ஓடியது. மோர்ஸ் உலகப் புகழ் பெற்றார்.

ஆனா 1845-ல் மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்ல் எழுதிய தந்தி பற்றிய புத்தகத்தில் ஹென்றியின் ஆராய்ச்சிக்கு உரிய இடம் தரப்படவில்லை. பணம் கேட்காதவருக்கு, பெயர்கூட மிஞ்சவில்லை என்பதுதான் வலித்தது. பிறகு தந்திக் காப்புரிமை வழக்குகள் கோர்ட்டுக்குப் போனபோது, 1849-ல் ஹென்றி சாட்சியம் அளிக்க வேண்டியதாயிற்று. மோர்ஸ் புதிதாக அறிவியல் கோட்பாடு எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே இருந்தவற்றை இணைத்துப் பயனுள்ள கருவியாக்கினார் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

1854-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மோர்ஸின் காப்புரிமையைப் பெரும்பாலும் உறுதி செய்தது. ஆனா மின்காந்தத்தால் தூரத்தில் எழுத்து பதியும் எல்லா முறைகளும் தனக்கே சொந்தம் என்ற மோர்ஸின் பரந்த உரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே மோர்ஸ், ஹென்றியின் நேர்மையைத் தாக்கி நீண்ட அறிக்கை வெளியிட்டார். ஹென்றி பதிலுக்குப் பத்திரிகைச் சண்டைக்குப் போகவில்லை. தான் வேலை பார்த்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவிடமே விசாரிக்கச் சொன்னார். அந்தக் குழு விசாரித்து, ஹென்றியின் பக்கம்தான் உண்மை என்று பதிவு செய்தது.

ஸ்மித்சோனியன்: ஆராய்ச்சியை விட்டுப் பொறுப்பு

அந்த நிறுவனம்தான் ஸ்மித்சோனியன். ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் ஸ்மித்சன் விட்டுச் சென்ற சொத்தில் 1846-ல் வாஷிங்டனில் தொடங்கப்பட்டது. அதன் முதல் செயலாளர் ஹென்றி. 1878-ல் இறக்கும்வரை, சுமார் 32 வருடம் அந்தப் பதவியில் இருந்தார். சொந்த ஆராய்ச்சிக்கு நேரம் ஏறக்குறைய முடிந்துபோனது.

ஆனா தந்தி பற்றிய சண்டைக்கு நடுவிலும், தந்தியை வைத்தே அவர் பெரிய காரியம் செய்தார். பல ஊர்களின் வானிலையைத் தந்தி மூலம் வாங்கி, ஸ்மித்சோனியனில் பெரிய வரைபடத்தில் தினமும் காட்டினார். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் மழை, வெயில், காற்று பற்றிக் குறிப்பு அனுப்பினார்கள். அமெரிக்காவின் தேசிய வானிலை சேவைக்கு விதை இதுதான்.

அவர் மேல் விமர்சனமும் உண்டு. 1862-ல் அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸ் ஸ்மித்சோனியன் அரங்கில் பேசுவதற்கு ஹென்றி அனுமதி மறுத்தார். அதிபர் லிங்கனுக்கு அறிவியல் ஆலோசனை சொன்ன அதே மனிதர்தான் இதையும் செய்தார்.

1865 ஜனவரி 24-ம் தேதி ஸ்மித்சோனியன் கட்டடத்தில் தீ. குளிருக்காக ஒரு அடுப்பை வைத்த வேலையாட்கள், புகைக்குழாயைப் புகைபோக்கியில் விடாமல், சுவருக்குள் இருந்த வெற்றிடத்தில் தவறாக விட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சூடு ஏறி, மேல்தளம் எரிந்தது. ஹென்றியின் பல வருடக் கடிதங்களும் குறிப்புகளும் சாம்பலாயின.

பனிமூட்டமும் வெளிச்சமும்

ஃபாக் லேம்ப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். ஹென்றி 1852 முதல் அமெரிக்கக் கலங்கரை விளக்க வாரியத்தில் உறுப்பினர், 1871 முதல் அதன் தலைவர். அப்போது கலங்கரை விளக்குகள் திமிங்கல எண்ணெயில் எரிந்தன. திமிங்கலங்கள் குறைந்ததும் விலை ஏறியது. பன்றிக் கொழுப்பு எண்ணெய் மலிவு, ஆனா சரியாக எரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். போதுமான அளவு சூடாக்கினால் அதுவும் பிரமாதமாக எரியும் என்று ஹென்றி சோதித்துக் காட்டினார். அரசுக்குப் பெரும் செலவு மிச்சமானது. பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்கும் ஒலிக் கருவிகளையும் வருடக்கணக்கில் சோதித்தார்.

1875 மார்ச்சில் ஒரு இளைஞர் அவரைப் பார்க்க வந்தார். குரலை வயரில் அனுப்பும் யோசனை இருக்கிறது, ஆனா மின்சாரம் பற்றிப் போதிய அறிவு இல்லை என்று தயங்கினார். அறிவு இல்லையென்றால் கற்றுக்கொண்டு தொடரும்படி ஹென்றி தைரியம் கொடுத்தார். அந்த இளைஞர்தான் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அடுத்த வருடமே தொலைபேசி வந்தது.

1877 டிசம்பரில், கலங்கரை விளக்கச் சோதனைகளுக்காகப் போயிருந்த இடத்தில்தான் ஹென்றிக்கு உடல்நலம் மோசமானது. 1878 மே 13-ம் தேதி வாஷிங்டனில் இறந்தார். இறுதிச் சடங்கில் அதிபர் ஹேய்ஸ் கலந்துகொண்டார்.

1893-ல் சிகாகோவில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு, மின்தூண்டலை அளக்கும் அலகுக்கு ‘ஹென்றி’ என்று பெயர் வைத்தது. வாட், ஆம்பியர், வோல்ட் வரிசையில் அவர் பெயரும் சேர்ந்தது.

வண்டியில் லைட் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

- ரிலேயில் பொதுவாக நான்கு முனைகள் இருக்கும். 85, 86 இரண்டும் காயிலுக்கு. ஒன்றில் ஸ்விட்ச்சிலிருந்து வரும் வயர், இன்னொன்றில் எர்த்.
- 30-ல் பேட்டரி பாசிட்டிவ், 87-ல் லைட்டுக்குப் போகும் வயர்.
- பேட்டரியிலிருந்து கிளம்பும் வயரில், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்றுவது அதுதான்.
- 12 வோல்ட் ரிலேயை 24 வோல்ட் லாரியில் போடக் கூடாது. காயில் எரிந்துவிடும்.
- ஸ்விட்ச்சுக்குள் எரியும் சின்ன இண்டிகேட்டர் லைட்டுக்குத் தனி எர்த் தேவைப்படலாம். கம்பெனி ஸ்விட்ச்சின் பின்கள் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இருக்காது. வயரிங் படத்தைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.
- கூடுதல் விளக்குகளுக்கு மோட்டார் வாகன விதிகளில் கட்டுப்பாடுகள் உண்டு. எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் லைட் அபராதத்தோடு நிற்காது, விபத்திலும் முடியும்.

ஹென்றி நினைத்திருந்தால் தன் யோசனைகளைப் பூட்டி வைத்துச் சம்பாதித்திருக்கலாம். அறிவியல் எல்லோருக்கும் பொது என்று நம்பியதால் செய்யவில்லை. அதனால் மோர்ஸ் அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை. ஆனா இரவு ரோட்டில் ஒரு டிரைவர் ஸ்விட்ச்சைத் தட்டும்போதெல்லாம், 1835-ல் பிரின்ஸ்டன் வகுப்பறையில் நடந்த அதே விஷயம் பானெட்டுக்குள் மறுபடியும் நடக்கிறது.